நெட்டையனை வாங்கில் இருத்திய ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு நான் யாரோடும் கதைக்க மாட்டேன். வாசல் மணி அடித்தால்கூட என் வீட்டுக்காரர், இவர்தான் போய்த் திறக்க வேண்டும். அமெரிக்கன் ஃபுட்போல் அணிகள், அன்றைக்கு யார் யார் விளையாடவில்லை என்ற பட்டியலை விடுகிற நேரம் அது. ஒரு மணிக்கு ஆட்டம் தொடங்கிவிடும், அதன் பிறகு ஆட்களை மாற்ற முடியாது. இடையில் இருப்பது ஒன்றரை மணித்தியாலம். அதற்குள் என் ஆட்களில் யாரை இறக்குவது, யாரை ஓரத்துப் பெஞ்சில், எங்கள் தமிழில் வாங்கில், இருத்துவது என்று நான் முடிவெடுக்க வேண்டும்.

கேட்பவர்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். அந்தக் கோணல் பந்தை ஒருநாளும் கையால் தொட்டதில்லை. நான்கு வருடங்களுக்கு முன் என் அண்ணனின் மகள் எங்கள் குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு ஃபன்டசி லீக் தொடங்கினாள். பத்துப் பேர் தேவைப்பட்டது, ஒன்பது பேர்தான் இருந்தார்கள். என் மகன் என் பெயரைப் போட்டுவிட்டான். எங்களுக்கு அவன் தம்பி. பெற்ற மகனைத் தம்பி என்று கூப்பிடுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். "அம்மா, நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை, கம்பியூட்டரே எல்லாம் பாத்துக்கொள்ளும்" என்றான். சும்மா இருக்கச் சொன்னால் சும்மா இருக்கிற ஆளா நான்? இரண்டாம் வருடம் வென்றுவிட்டேன். வெல்பவர் வீட்டுக்குப் போவது ஒரு எவர்சில்வர் சாப்பாட்டுக் கரியர். அது ஒரு வருடம் முழுக்க என் டிவிக்குப் பக்கத்தில் இருந்தது.

விளையாட்டு பெரிய சூத்திரம் ஒன்றுமில்லை. ஆகஸ்ட் கடைசியில் பத்துப் பேரும் கூடி, உண்மையான ஆட்டக்காரர்களை முறை வைத்து ஒவ்வொருவராகப் பிரித்தெடுப்போம். ஒருவர் எடுத்த ஆளை மற்றவர் எடுக்க முடியாது. பிறகு கிழமைக்குக் கிழமை எங்களுக்குள் இருவர் இருவராக மோதுவோம். அவர்கள் மைதானத்தில் ஓடுகிற ஓட்டம் எங்களுக்குப் புள்ளியாக வரும். ஆனால் கையில் இருக்கிற எல்லோருடைய புள்ளியும் சேராது. இன்றைக்கு இவர்கள்தான் என்று நாங்கள் இறக்கிவிட்டவர்களுடையது மட்டும்தான் சேரும். மற்றவர்கள் வாங்கில். வாங்கில் இருப்பவன் அன்றைக்கு ஊரையே கலக்கினாலும் எங்களுக்குப் பிரயோசனமில்லை.

இதில் தலையிடி ரிசீவர்கள்தான். முன்னால் ஓடிப்போய், எறிகிற பந்தைப் பிடிக்கிறவர்கள். மூன்று பேரை இறக்க வேண்டும். ஒரு கிழமை பத்துப் பந்து பிடிப்பான், அடுத்த கிழமை அவன் நிற்கிற பக்கமே யாரும் பந்தை எறிய மாட்டார்கள். அவர்களுடைய பெயர்கள் எனக்கு வாயில் வராது. அதனால் நானே பெயர் வைத்துவிடுவேன். நெட்டையன், சுருட்டையன், தலைக்கவசத்தைக் கழற்றி எறிகிற கோபக்காரன். தம்பிக்கும் இந்தப் பெயர்கள் மனப்பாடம்.

மற்றப் பிள்ளைகள் எல்லாம் கணக்குப் பார்ப்பார்கள், போனில் நிபுணர்கள் பேசுவதைக் கேட்பார்கள். நான் கால்களைப் பார்ப்பேன். இருபத்திரண்டு வருடமாக ஆட்களைத் தூக்கி இருத்தி, நடத்தி, படுக்க வைக்கிறவள் நான். தொடைத் தசை பிடித்தவன் எப்படி நடப்பான், குதிக்காலில் நோ உள்ளவன் எந்தப் பக்கம் சாய்வான் என்பதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோச் வந்து மைக்குக்கு முன்னால் "நல்ல சுகம்" என்று ஆயிரம் சொல்லட்டும். வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் எடுத்த பத்து விநாடி வீடியோ போதும், அவன் இந்த ஞாயிறு ஓடுவானா என்று நான் சொல்லிவிடுவேன்.

தம்பி இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து எனக்கு ஞாயிறு என்றால் பதினொன்றரைதான். சரியாக அந்த நேரத்துக்குப் போன் அடிக்கும். "அம்மா, ஒரு நடை அனுப்புறன், பாருங்கோ" என்பான். நான் பார்த்து, "உவன் நொண்டுறான் தம்பி, இறக்காதை" என்பேன். "வடிவாப் பாத்தனீங்களோ?" "ஓமடா, இடது கால்." அவனும் எனக்கு எதிராளிதான். ஆனாலும் என்னைத்தான் கேட்பான். அவனுடைய ரிசீவர்கள் முடிய என்னுடையவர்கள், அது முடிய அவனுடைய வேலை, ஆட்களைத் தூக்கித் தூக்கி என் இடுப்பில் வந்த நாரி நோ, மீன்கடையில் நின்ற சனம் என்று ஒரு மணிவரை போகும். கலியாணம் செய்து ஒஷாவாவுக்குப் போன பிறகும் அந்தப் போன் நிற்கவில்லை. ஒரு பிள்ளை வளர்ந்து வேறு வீடு போன பிறகு தாயோடு ஒன்றரை மணித்தியாலம் கதைக்க ஏதாவது ஒரு சாட்டு வேண்டும். எங்களுக்கு அது ரிசீவர்.

போன வருடம் ஏப்ரலில் அதை நானே கெடுத்தேன்.

அவர்கள் ஒஷாவாவில் வீடு வாங்கியபோது அவசரத்துக்கு என்று ஒரு சாவியை எங்களிடம் தந்திருந்தார்கள். எனக்கு லீவு கிடைத்த ஒரு புதன்கிழமை, இருவரும் வேலைக்குப் போயிருந்த நேரம், இவரைக் காரில் கூட்டிக்கொண்டு போய்த் திறந்தேன். பாவம், இரண்டு பேரும் வேலை, வீட்டைப் பார்க்க யாருமில்லை என்றுதான் போனேன். பிரிட்ஜைத் துப்பரவாக்கினேன். குசினி அலுமாரிகளை எல்லாம் கவிழ்த்து, என் கைக்கு வசதியாக அடுக்கினேன். எந்த லாச்சியில் கரண்டி, எந்த லாச்சியில் கத்தி என்று மாற்றினேன். ஃப்ரீசரில் எட்டு டப்பா கறி வைத்தேன். மருமகளின் உடுப்புகளை, உள்ளுக்குப் போடுகிறவை உட்பட, தோய்த்து மடித்துக் கட்டிலில் வைத்தேன். இவர் சோபாவில் இருந்தபடி, "காணுமப்பா, வாரும் போவம்" என்று மூன்று தரம் சொன்னார். நான் கேட்கவில்லை.

மருமகள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தம்பிதான் அடுத்த நாள் வந்தான். வாசலில் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"நான் கேட்டனானோ அம்மா?" என்றான்.

"நான் உன்ர அம்மா. உன்ர வீட்டைத் துப்பரவாக்க எனக்கு விண்ணப்பம் போடவேணுமோ?"

"அது அவவின்ர வீடும்தானே. நேற்று வேலையால வந்து, தன்ர குசினியில ஒரு கரண்டியைத் தேடித் தேடி அழுதவ."

எனக்கு வந்ததே ஒரு கோபம். எட்டு மணித்தியாலம் குனிந்து நிமிர்ந்த நாரி அப்போதும் வலித்துக்கொண்டிருந்தது. சாவியை எடுத்து மேசையில் போட்டேன். "இந்தா, பிடி. இனி உன்ர வீட்டு வாசல்படி மிதிக்கமாட்டன். நீயும் எனக்குப் போன் எடுக்கத் தேவையில்லை" என்றேன். அவன் சாவியை எடுத்துப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு போனான். நாங்கள் கோபத்தில் சொல்கிற எத்தனையோ விஷயத்தைப் பிள்ளைகள் கேட்பதில்லை. இதை மட்டும் அவன் அப்படியே கேட்டான்.

கோடை முழுக்க அவன் இவருக்குத்தான் போன் எடுத்தான். வியாழக்கிழமைகளில், வேலை முடிந்து காரில் போகும்போது. இவர் பல்கனிக்குப் போய்க் கதைப்பார். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நான் ஏதாவது துடைத்துக்கொண்டு நிற்பேன். "ஓம்... ஓம்... சுகமாயிருக்கிறா" என்பது மட்டும் கேட்கும். உள்ளே வந்ததும் நான் ஒன்றும் கேட்க மாட்டேன். இவரே, "உம்மைக் கேட்டவன்" என்பார். கேட்டானோ, இவராகச் சொன்னாரோ தெரியாது. ஆனாலும் அன்றிரவு கொஞ்சம் நல்லாக நித்திரை வரும்.

ஆகஸ்ட் கடைசியில் ஆட்கள் பிரிக்கிற நாள் வந்தது. ஸ்ரௌவ்வில்லில் அண்ணனின் மகள் வீட்டு பேஸ்மன்டில் எல்லோரும் கூடினோம். தம்பி வரவில்லை. வேலை இருக்கிறது, கம்பியூட்டரில் இருந்து எடுக்கிறேன் என்று சொல்லியிருந்தான். திரையில் அவன் பெயரும் என் பெயரும் அடுத்தடுத்து இருந்தன. முதலில் நான், எனக்குப் பின்னால் அவன். மூன்றாவது சுற்றில் நெட்டையன் இன்னும் யாராலும் எடுபடாமல் இருந்தான்.

நெட்டையன் தம்பியின் ஆள். மூன்று வருடமும் அவன்தான் வைத்திருந்தான். இன்னும் ஒரு நிமிடத்தில் அவன் முறை வரும், எடுத்துவிடுவான் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். நான் நெட்டையனை எடுத்தேன்.

"ஐயோ மாமி, சரியான பொல்லாத ஆள் நீங்கள்" என்று அண்ணனின் மகள் சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள். வன்மத்தில் எடுத்தேன் என்றுதான் நினைத்தார்கள். தம்பியும் அப்படித்தான் நினைத்திருப்பான். உண்மை அதுவல்ல. இந்த விளையாட்டில் ஆட்களை மாற்றிக்கொள்ளலாம். உன் நெட்டையனைத் தா, இவனைத் தருகிறேன் என்று ஒருவருக்கொருவர் கேட்டு எழுதலாம். நெட்டையன் என்னிடம் இருந்தால் தம்பி என்றைக்கோ ஒருநாள் கேட்டு எழுதுவான். எழுதினால், பதிலுக்கு ஒன்றும் வேண்டாம், கொண்டுபோ ராசா என்று கொடுத்துவிடலாம். அதற்காகத்தான் எடுத்தேன். இப்போது எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் நடந்தது.

செப்டம்பர் போனது, ஒக்ரோபர் போனது. அவன் எழுதவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பதினொன்றரைக்கு நான் போனை மேசையில் வைத்துக்கொண்டு இருப்பேன். பட்டியல் வரும். நானே நடையைப் பார்ப்பேன், நானே முடிவெடுப்பேன். "சுருட்டையன் இண்டைக்கு ஓடமாட்டான்" என்று வாய்விட்டுச் சொல்வேன். பேப்பர் வாசிக்கிற இவர், "ஆர் சுருட்டையன்?" என்று கேட்பார். நான்கு வருடமாகக் கேட்கிறார். அவன் போன் எடுத்தால் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் சேர்த்து வைத்தவை அவ்வளவும் திங்கட்கிழமை பழசாகிவிடும். நான் வென்றுகொண்டே போனேன். அந்த வெற்றியைப்போலச் சப்பென்ற ஒன்றை நான் கண்டதில்லை.

எனக்கு அவனை அவ்வளவு தேடியது. உப்புப் புளி பார்க்கும்போது தேடியது, பஸ்ஸில் ஒஷாவா என்று யாராவது சொன்னால் தேடியது. நானே எடுத்துக் கதைத்தால் என்ன என்று கேட்பீர்கள். எத்தனை தரம் அவன் பெயரில் விரலை வைத்திருக்கிறேன். போன் எடுக்கத் தேவையில்லை என்று சொன்ன வாய் இது. அந்த வாயால் எப்படி ஹலோ சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

டிசம்பர் வந்தது. லீக்கில் கடைசிக் கிழமை முடியும்போது முதல் ஆறு இடங்களில் இருப்பவர்கள்தான் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். நான் ஏற்கெனவே போய்விட்டேன். தம்பி ஏழாவது இடத்தில் இருந்தான். கடைசி ஆட்டத்தில் வென்றால் உள்ளே, தோற்றால் அந்த வருடம் அவனுக்கு அவ்வளவுதான். அந்தக் கடைசி ஆட்டத்தில் அவனுக்கு எதிராளி யார் என்றால், நான்.

சனிக்கிழமை மீன்கடைக்குப் போய் அறக்குளா வாங்கி வந்தேன். எங்கள் வீட்டில் மீன் கறி என்றால் நடுத்துண்டு தம்பிக்கு. அவன் சின்னனாக இருந்த காலத்திலிருந்து அப்படித்தான். இவருக்கு அடுத்த துண்டு, எனக்கு வால். யாரும் சொல்லி வைத்த சட்டம் இல்லை. சட்டியில் அகப்பையை விட்டால் கை தானாக நடுத்துண்டைத்தான் தேடும். அவன் போன பிறகும் நான் அதை எடுத்து ஒரு கோப்பையில் புறம்பாக வைப்பேன். இரவு இவர், "இது ஆருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் சாப்பிட்டுவிடுவார்.

அன்றைக்கு மீனை வெட்டிக்கொண்டு நிற்கும்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கையைக் கழுவிவிட்டு வந்து போனைத் திறந்தேன். நெட்டையனைத் தூக்கி வாங்கில் இருத்தினேன். சுருட்டையனையும் இருத்தினேன். அவர்களுக்குப் பதிலாக, மாதக்கணக்கில் ஒரு பந்தும் பிடிக்காத இரண்டு பேரை இறக்கினேன். எனக்கு மனம் நிறைந்துபோனது. எட்டு மாதத்துக்குப் பிறகு என் பிள்ளைக்கு நடுத்துண்டு வைத்த மாதிரி இருந்தது. தம்பி வெல்வான், உள்ளே போவான், ஏன் என்று அவனுக்கு விளங்கும் என்று நினைத்தேன்.

யார் யாரை இறக்கியிருக்கிறோம் என்பது லீக்கில் எல்லோருக்கும் தெரியும். ஞாயிறு பதினொன்றே முக்காலுக்கு என் போன் அடித்தது. திரையில் "தம்பி" என்று இருந்தது. எடுத்தேன்.

"அம்மா."

எட்டு மாதம்.

"நெட்டையனை ஏன் வாங்கில இருத்தி வைச்சிருக்கிறீங்கள்?"

"அவனுக்குக் காலில நோ, தம்பி."

"ஒரு நோவும் இல்லை. வெள்ளிக்கிழமை ஓடினதை நான் பாத்தனான். நீங்களும் பாத்திருப்பீங்கள்."

பார்த்திருந்தேன்தான். குதிரை மாதிரி ஓடினான்.

"நான் கேட்டனானோ அம்மா?" என்றான். ஏப்ரலில் வாசலில் நின்று கேட்ட அதே கேள்வி. குரல் மட்டும் அன்றைக்கு மாதிரி உயரவில்லை, களைத்திருந்தது. "நீங்கள் தந்து நான் வெண்டால் அது என்ர வெற்றியே? எனக்கு முப்பத்தொரு வயசு. லீக்கில எல்லாரும் பாக்கினம், அம்மா மகனுக்கு விட்டுக்குடுக்கிறா எண்டு. எனக்கு எப்பிடி இருக்கும் எண்டு ஒருக்கா யோசிச்சீங்களோ?"

"நீ உள்ள போகவேணும் எண்டுதான் ராசா..."

"நீங்கள் நல்லா விளையாடுறீங்கள் எண்டுதான் நான் எல்லாரிட்டையும் பெருமையாச் சொல்லுறது. என்னோடையும் ஒழுங்கா விளையாடுங்கோ. உங்களிட்டை நான் கேக்கிறது அது ஒண்டுதான்."

போனை வைத்துவிட்டான். குசினியில் உலை கொதித்து அடுப்பில் ஊற்றியது. இவர்தான் ஓடிப்போய் நிற்பாட்டினார். நான் கதிரையில் இருந்து அழுதேன். திட்டு வாங்கியதற்கு அழுதேனா, குரலைக் கேட்டதற்கு அழுதேனா என்றால், இரண்டுக்கும்தான். பெருமையாகச் சொல்கிறவன் என்று எனக்குத் தெரியவே தெரியாது. முகத்துக்கு முன்னால் ஒருநாளும் சொன்னதில்லை.

ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நெட்டையனைத் திரும்ப இறக்கினேன். சுருட்டையனையும் இறக்கினேன். பெற்ற பிள்ளைக்கு எதிராக அந்தத் திரையில் விரலை வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று மற்றவர்களுக்குச் சொல்லி விளங்காது. பிறகு நாள் முழுக்க டிவிக்கு முன்னால் இருந்தேன். நெட்டையன் இரண்டு தரம் எல்லைக்கோட்டுக்குள் பந்தோடு போனான். முதல் தரம் போகும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். கடைசியில் ஐந்து புள்ளி வித்தியாசம். நெட்டையனை வாங்கில் விட்டிருந்தால் தம்பி வென்றிருப்பான்.

"பெடியனைத் தோக்கடிச்சுப்போட்டீர்" என்றார் இவர், பேப்பருக்குப் பின்னால் இருந்து.

"அவன்தான் கேட்டவன்" என்றேன்.

அன்றிரவு அவன் போன் எடுக்கவில்லை. திங்கள் எடுக்கவில்லை. வியாழன் இவருக்கு எடுத்தான். நான் கண்ணாடிக் கதவடியில் நின்றேன். இவர் கதைத்தது காலநிலையும் காரின் டயரும்தான். தோற்றதில் அவனுக்கு என்மேல் இன்னும் கோபமோ, ஒழுங்காக விளையாடியதில் சந்தோஷமோ, ஒன்றும் தெரியாமல் அந்தக் கிழமை போனது. வேலையில் ஒருவருக்குத் தேநீர் கொடுப்பதற்குப் பதிலாக, கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலடியில் நின்றேன் என்று கூட வேலை செய்கிறவள் சொல்லிச் சிரித்தாள். அந்த இரண்டு நிமிடப் போனை நான் எத்தனை தரம் மனதில் திருப்பித் திருப்பிக் கேட்டேன் என்று கணக்கில்லை. அவன் இனி லீக்கில் இல்லை. அவனுக்கு இறக்க ஆள் இல்லை, கேட்க நடை இல்லை. இனி அடுத்த ஆகஸ்ட்வரை என்னோடு கதைக்க அவனுக்கு ஒரு சாட்டும் இல்லை.

அடுத்த ஞாயிறு எனக்கு அடுத்த சுற்று. தோற்றால் வெளியே. நெட்டையனுக்குப் போன ஆட்டத்தின் கடைசியில் தொடை பிடித்திருந்தது. வெள்ளிக்கிழமை வீடியோவில் நடையைப் பார்த்தேன், எனக்குத் திருப்தியில்லை. ஆனாலும் பட்டியல் வரட்டும், பார்த்து மாற்றலாம் என்று அவனை அப்படியே விட்டிருந்தேன். பதினொன்றரைக்குப் போனைக் கையில் எடுத்தேன். பட்டியலைத் திறக்க முதல் அது அடித்தது. தம்பி.

"அம்மா, இண்டைக்கு ஆரை இறக்கிறீங்கள்?"

எனக்குத் தெரியாது, நீயே சொல்லு என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அப்படிச் சொன்னால் அவன் விளங்கப்படுத்துவான், கொஞ்சம் கூடக் கதைப்பான். பிறகு போன ஞாயிறு நினைவு வந்தது.

"நெட்டையன்ர தொடை சரியில்லை. பெரும்பாலும் மாத்தவேண்டி வரும். கோபக்காரனை இறக்கலாம் எண்டு பாக்கிறன்" என்று உள்ளதைச் சொன்னேன்.

"ம்" என்றான். இவ்வளவுதானோ என்று நினைத்தேன். "நானும் அந்த நடையைப் பாத்தன். வலது கால் என்ன?"

"ஓமடா. வலது."

போனுக்குள் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

"அம்மா, நேற்று அறக்குளா வாங்கினனாங்கள். இவவுக்கு உங்கட கறி மாதிரி வைக்கவேணுமாம். புளி முதலோ, பால் முதலோ?"

"மாமி, ஸ்பீக்கரில போட்டிருக்கு" என்றது மருமகளின் குரல். "நீங்கள் சொல்லுங்கோ, நான் செய்யிறன்."

நான் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். வெங்காயம் எவ்வளவு, வெந்தயம் எப்போது என்று கேட்கக் கேட்கச் சொன்னேன். ஒரு லாச்சி திறந்து மூடியது. நான் அடுக்கிய ஒழுங்கை அவர்கள் எப்போதோ மாற்றியிருப்பார்கள். கரண்டி இப்போது எந்த லாச்சியில் இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. கேட்க வாய் உன்னியது. கேட்கவில்லை. எண்ணெய் பொரிகிற சத்தம் கேட்டது, மருமகள் ஏதோ சொல்ல அவன் சிரிப்பது கேட்டது. அந்தக் குசினிக்குள் எட்டு மாதமாக என் காலடி படவில்லை. நாற்பது நிமிடக் கார் ஓட்டம்தான். அன்றைக்கு நான் அதைக் காதால் மட்டும் பார்த்தேன்.

கறி இறக்கிய பிறகும் அவன் போனை வைக்கவில்லை. வேலையில் புது மேலதிகாரி ஒருவன் வந்த கதை சொன்னான். என் நாரி எப்படி என்று கேட்டான். இவர் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் தானே சோறு போட்டுச் சாப்பிட்டார். "அம்மா, கறி உங்கட மாதிரி வரேல்ல" என்றான். "முதல் தரம்தானே, வரும்" என்றேன். "அப்ப ஒருக்கா வந்து பாத்துச் சொல்லுங்கோவன்" என்றான். "நீ கேட்டால் வாறன்" என்றேன். "அதுதானே கேக்கிறன்" என்றான்.

வைத்தபோது சுவர் மணிக்கூட்டில் ஒன்று இருபது.

இரண்டு மணிக்கு அண்ணனின் மகள் போன் எடுத்தாள்.

"மாமி, உங்களுக்கு என்ன நடந்தது? நெட்டையன் விளையாடேல்ல எண்டு பதினொண்டரைக்கே போட்டிட்டாங்கள். நீங்கள் அவனை மாத்தேல்ல. பூச்சியம் மாமி. இனி நீங்கள் வெல்ல ஏலாது."

நான் போனைத் திறந்து பார்த்தேன். நெட்டையன் நான் விட்ட இடத்திலேயே இருந்தான், பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு எழுத்தோடு. கோபக்காரன் வாங்கில் இருந்தபடி ஏற்கெனவே ஆறு பந்து பிடித்திருந்தான்.

"நாலு வருசத்தில நீங்கள் ஒருநாளும் பட்டியலைத் தவறவிட்டதில்லை. அந்த நேரம் என்ன மாமி செய்துகொண்டிருந்தனீங்கள்?"

"தம்பியோட கதைச்சுக்கொண்டிருந்தன்" என்றேன்.